9 மாதப் பிள்ளை அரைச்சதை மட்டும்தான் விழுங்குது: கட்டிச் சாப்பாட்டுக்கு எப்பிடிப் பழக்கிறது?

கோண்டாவில்தாய்:

வணக்கம். மகளுக்கு 9 மாதம் முடிஞ்சு ஒரு கிழமை. நிறை 7.8 கிலோ, கிளினிக் கொப்பியில பச்சைக்குள்ளதான் (சரியான நிறை எண்டு காட்டுற நிறம்) நிக்குது. 6 மாதம் முடியச் சோறு தொடங்கினது. அப்ப இருந்து சோறு, பருப்பு, கரட், பூசணிக்காய், மீன் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு அவிச்சு, கிறைண்டரில அரைச்சு, சுடுதண்ணி கொஞ்சம் விட்டு இளக்கித் தீத்துறன். அப்பிடிக் குடுத்தா தேத்தண்ணிக் கப்பில அரைவாசி சாப்பிடுவாள்.

அதுக்குள்ள ஒரு சோத்துப் பருக்கை அரைபடாமக் கிடந்தாலும் ஓங்காளிக்கிறாள், இரண்டு தரம் சத்தியும் எடுத்திட்டாள். இடியப்பத்தைச் சொதியில ஊற வைச்சுக் குடுத்துப் பாத்தன், அதுக்கும் ஓங்காளம். புட்டைத் துப்புறாள். முட்டையைக் கண்டா முகத்தைத் திருப்புறாள். இனிப்பெண்டதால வாழைப்பழம் மட்டும் மசிச்சுக் குடுக்கலாம்.

கீழ 2 பல்லு முளைச்சிருக்கு. மேல் பல்லு வரட்டும், அவசரப்படாத எண்டு மாமி சொல்லுறா. பல்லு வரும் வரைக்கும் அரைச்சதையே குடுக்கலாமோ? ஓங்காளிக்கேக்க விட்டிடுறதோ, தொடர்ந்து குடுக்கிறதோ? ஒரு சாப்பாட்டை எத்தினை தரம் குடுத்துப் பாத்திட்டு “இது பிடிக்கேல்லை” எண்டு விடலாம்?

வெள்ளைப்பூவரசு:

பல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம் தங்கச்சி. சாப்பாட்டை அரைக்கிற கடைவாய்ப்பல்லு ஒரு வயசு கழிஞ்சு, அனேகமா 13 மாதத்துக்கும் 19 மாதத்துக்கும் இடையிலதான் முளைக்கும். மேல் முன்பல்லு வந்தாலும் அது கடிச்சு எடுக்கத்தான் உதவும். அதுவரைக்கும் அரைக்கிற வேலை முழுக்க முரசுக்குத்தான் (ஈறு). கையை நல்லாக் கழுவிப்போட்டு உங்கட சின்னி விரலை அவவின்ர முரசுக்கு நடுவில வைச்சுப் பாருங்கோ, அதின்ர பலம் விளங்கும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில வைச்சு அமத்த நசியிற எந்தச் சாப்பாட்டையும் முரசு நசிக்கும்.

காத்திருந்தா நட்டம் இருக்கு. சாப்பாட்டை நாக்கால ஒரு பக்கத்துக்குத் தள்ளி, முரசால நசிச்சு, திரும்ப நடுவுக்குச் சேத்து விழுங்கிற வித்தையைப் பிள்ளை 6 மாதத்தில இருந்து 10 மாதத்துக்குள்ள சுகமாப் பழகும். 10 மாதத்துக்குப் பிறகும் அரைச்ச பசையிலேயே நிண்ட பிள்ளைகள்தான் பின்னுக்குச் சோறு கறிக்குக் கூடுதலாக் கஷ்டப்படுகினம். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. இந்தக் கிழமையே தொடங்குங்கோ.

ஓங்காளம் கெட்ட அறிகுறி இல்லை. தொண்டைக்குப் பெரிசா ஒண்டும் போகாமக் காக்கிற காவல் அது. பெரியாக்களுக்கு நாக்கின்ர அடியில பட்டாத்தான் ஓங்காளம் வரும். குழந்தைக்கு நாக்கின்ர நடுவில பட்டாலே வரும். கட்டிச் சாப்பாடு பழகப் பழக அந்த இடம் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகும். அதால அவ ஓங்காளிக்கேக்க நீங்கள் பதறிக் கத்தாமல், முதுகில தட்டாமல், வாய்க்குள்ள விரலை விடாமல் பேசாம இருங்கோ. அவவே துப்புவா, இல்லாட்டி விழுங்குவா. உங்கட முகத்தில பயத்தைக் கண்டா, சாப்பாடு பயப்பிட வேண்டிய சாமான் எண்டு அவ படிச்சிடுவா.

இனி, எங்க பிழைக்குது எண்டு பாப்பம். நீங்கள் எழுதினதில இரண்டு இடத்தில ஒரே பிழைதான். தண்ணியா இளக்கின பசைக்குள்ள ஒரு பருக்கை, சொதிக்குள்ள இடியப்பம். இரண்டிலயும் தண்ணியும் கட்டியும் ஒரே வாயில போகுது. தண்ணி தன்ர பாட்டில பின்னுக்கு ஓட, அதோட அந்தக் கட்டியும் சொல்லாமக் கொள்ளாமத் தொண்டைக்குப் போயிடும். நாக்குக்கு அதைப் பிடிச்சுப் பக்கத்துக்குத் தள்ள நேரமே கிடைக்காது. கஞ்சிக்குள்ள பருக்கை, சூப்புக்குள்ள கரட் துண்டு, பாலில ஊறின பிஸ்கற் எல்லாம் இந்தச் சாதிதான். பாக்க மெதுவா இருந்தாலும் பழகாத வாய்க்கு இதுதான் எல்லாத்திலயும் கஷ்டம். இதைக் கடைசியாக் குடுக்க வேணும், நாங்கள் முதலில குடுக்கிறம்.

அதால முதல் வேலை, தண்ணி விடுறதை நிப்பாட்டுறது. அரைச்சதையே 2, 3 நாளைக்குத் தடிப்பாக் குடுங்கோ. கரண்டியில அள்ளிச் சரிச்சுப் பிடிச்சா வழியாமல் ஒட்டி நிக்க வேணும். அது பழகினாப் பிறகு கிறைண்டரை விட்டிட்டு அரிதட்டில போட்டுக் கரண்டியின்ர முதுகால தேச்சு இறக்குங்கோ. கட்டி இராது, ஆனா நாக்குக்கு மாவு மாதிரி ஒரு சொரசொரப்புத் தெரியும். சோறும் கிறைண்டரில அடிபடுற மாதிரிப் பசையா இழுபடாது. 3, 4 நாள் அப்பிடிப் போக, அதுக்குள்ள முள்ளுக்கரண்டியால மசிச்ச சோத்தைச் சேருங்கோ. முதல்ல 4 கரண்டிக்கு 1 கரண்டி, இரண்டு நாளால 3க்கு 2, பிறகு பாதிக்குப் பாதி. இரண்டும் ஒரே தடிப்பா இருக்க வேணும், அப்பத்தான் கட்டி தனிய வழுக்கிப் போகாது. முழுக்க முள்ளுக்கரண்டிச் சோத்துக்கு வர 2 கிழமையில இருந்து 3 கிழமை எடுக்கும். ஒரு படியில ஓங்காளம் கூடினா அடுத்த படிக்குப் போகாமல் அதே படியில இன்னும் 2 நாள் நில்லுங்கோ. திரும்ப அடிமட்டத்துக்குப் போக வேண்டாம்.

இந்த நாளுகளில புதுப் பதத்தோட புதுச் சுவை ஒண்டையும் சேத்துத் தொடங்காதேங்கோ. இதை நான் அழுத்திச் சொல்லுறன். ஒரு வாயில ஒரு புதுசு மட்டும். கட்டி புதுசெண்டால் சுவை பழகினதா இருக்க வேணும், சுவை புதுசெண்டால் பதம் பழகினதா இருக்க வேணும். புட்டு அவவுக்குச் சுவையும் புதுசு, உதிருற பதமும் புதுசு. துப்பாமல் என்ன செய்யும் பிள்ளை?

இதோட பக்கத்தில வேற ஒரு வேலையும் நடக்கட்டும். ஒரு நாளைக்கு ஒருக்கா, அவவின்ர கையில பிடிக்கிற மாதிரி நீட்டா ஒண்டைக் குடுங்கோ. வத்தாளங்கிழங்கை நல்லா அவிச்சு, உங்கட சுட்டுவிரல் அளவு நீளத்துக்கும் தடிப்புக்கும் வெட்டிக் குடுக்கலாம். அவிச்ச பூசணிக்காய், கனிஞ்ச பப்பாப்பழம், நீட்டுக்கு வெட்டின இதரை வாழைப்பழமும் அப்பிடித்தான். அது வயிறு நிரப்புறதுக்கில்லை. தானே வாயில வைக்கேக்க சாப்பாடு எங்க வருது எண்டு பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும், அதால ஓங்காளம் குறையும். வழுக்குதெண்டால் வறுத்த உழுத்தம்மாவில பிரட்டிக் குடுங்கோ. நீங்கள் தீத்திற நேரமும் இடைக்கிடை ஒரு சின்னத் துண்டை நாக்கின்ர நடுவில வைக்காமல், சொக்கைப் பக்கமா முரசுக்கு மேல வையுங்கோ. நாக்கு அதைத் தேடிப் பக்கத்துக்குப் போகும். இந்த ஒரு அசைவுதான் நாங்கள் பழக்க வேண்டியது.

கரண்டி தட்டையா, சின்னனா இருக்கட்டும். வாய்க்கு முன்னால கொண்டு போய் நிப்பாட்டுங்கோ. அவ வாயைத் திறந்து மேல் சொண்டால வழிச்செடுக்கும் வரைக்கும் பொறுங்கோ. மேல் முரசில தேச்சு வழிச்சு விட்டா, சாப்பாடு நேரா அண்ணத்தில ஒட்டிப் பின்னுக்குப் போகும், அதுவே ஓங்காளத்துக்குப் போதும்.

புதுச் சுவைக்கு: 10 தொடக்கம் 15 தரம். ஒரே நாளில 10 தரம் இல்லை. 2, 3 நாளைக்கு ஒருக்கா, பயத்தங்கொட்டை அளவு, அவவுக்குப் பிடிச்ச சாப்பாட்டுக்குப் பக்கத்தில. முகத்தைச் சுழிக்கிறது “வேண்டாம்” எண்ட அர்த்தம் இல்லை, “இதென்ன?” எண்ட அர்த்தம். தொட்டுப் பாத்தாலும், நக்கிப் போட்டு விட்டாலும் அது ஒரு தரம்தான். அனேகம் பேர் 3, 4 தரத்தோட “பிள்ளைக்குப் பிடிக்காது” எண்டு முடிச்சிடுகினம், பிள்ளை அப்பத்தான் அந்தச் சுவையை அடையாளம் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

அகப்பைக்காரி:

பூவரசு சொன்னதுக்கு மேல சமையல் பக்கம் மட்டும் சொல்லுறன்.

எல்லாத்தையும் ஒண்டா அரைக்கிறதை விடுங்கோ. மீனும் கரட்டும் பூசணியும் சேந்தா எப்பவும் ஒரே நிறம், ஒரே சுவை. தனித்தனியா அவிச்சு, கோப்பையில மூண்டு சின்னக் குவியலா வைச்சு, ஒவ்வொண்டாக் குடுங்கோ. அப்பத்தான் கரட் எண்டால் கரட் எண்டு நாக்குக்குத் தெரியும்.

சோறு பருப்புக்கு அளவு: அரிசி 3 மேசைக்கரண்டி, மைசூர்ப் பருப்பு 1 மேசைக்கரண்டி, தண்ணி 400 மில்லி. பச்சையரிசி எண்டால் மெல்லிய நெருப்பில மூடி 25 நிமிசம். மொட்டைக்கறுப்பன் மாதிரிச் சிவப்பரிசி எண்டால் ஒரு மணித்தியாலம் ஊற வைச்சு, தண்ணியை 500 மில்லியாக்கி, 40, 45 நிமிசம் அவிய விடுங்கோ. தவிடு இருக்கிறதால உள்ளுக்கு அவிஞ்சாலும் மேல்தோல் நாக்கில தட்டும். அதால பழக்கத் தொடங்கிற நாளில வெள்ளை அரிசி நல்லது, சிவப்பரிசியைப் பிறகு கலக்கலாம். இறக்கினாப் பிறகு 1 தேக்கரண்டி தடிச்ச தேங்காய்ப்பால், இல்லாட்டி நல்லெண்ணெய் அல்லது பட்டர். கொழுப்பு சத்தும் குடுக்கும், சோறு தொண்டையில ஒட்டாமலும் போகும். உப்பும் சீனியும் ஒரு வயசு வரைக்கும் வேண்டாம். பனங்கட்டியும் சீனிதான். தேன் ஒரு சொட்டும் ஒரு வயசுக்கு முதல் கூடாது, அதில இருக்கக்கூடிய கிருமியின்ர வித்துகள் குழந்தையின்ர குடலுக்குள்ள நஞ்சு உண்டாக்கும்.

இரண்டு விசயம் கவனிக்கிறேல்லை ஆக்கள். ஒண்டு, சோறு ஆறினா இறுகும். தீத்தத் தொடங்கேக்க சரியான பதத்தில இருந்தது, 15 நிமிசத்தால கட்டி கட்டியா வரும், பிள்ளை அப்ப ஓங்காளிக்கும். கிண்ணத்தைச் சுடுதண்ணிக் கோப்பைக்குள்ள வைச்சுக் கொண்டு தீத்துங்கோ. மற்றது இதுக்கு நேர் மாறு. வாய்க்குப் போன கரண்டியைத் திரும்பக் கிண்ணத்துக்குள்ள விட்டு அளைஞ்சா, எச்சிலில இருக்கிற நொதியம் மாச்சத்தைக் கரைச்சுத் தண்ணியாக்கிப் போடும். கடைசிக் கரண்டிகள் தண்ணியும் பருக்கையுமா வாறது அதாலதான். ஒரு கிண்ணத்தில எடுத்து வைச்சு, மற்றக் கிண்ணத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுத் தீத்துங்கோ. மிச்சத்தை வைச்சுப் பின்னேரம் குடுக்கிறதெண்டால் எச்சில் படாத கிண்ணத்தில இருந்துதான் எடுக்க வேணும்.

புட்டு: உதிருற சாப்பாடு. வாய்க்குள்ள பரவி எல்லாப் பக்கமும் ஒட்டும், சேத்து உருட்டத் தெரியாத பிள்ளைக்குச் சரிவராது. சுடச்சுட இருக்கேக்க கனிஞ்ச கதலி வாழைப்பழம், இல்லாட்டித் தடிப்பாக் கடைஞ்ச பருப்பு விட்டு, கையால பிசைஞ்சு, கச்சான் (நிலக்கடலை) கொட்டை அளவுக்கு மெதுமையான உருண்டையாக்கிக் குடுங்கோ. குழலில நடுவில இருக்கிற புட்டை எடுங்கோ, ஓரத்துப் புட்டுக் காஞ்சு போயிருக்கும். இடியப்பத்தைக் கத்தரிக்கோலால அரை அங்குலமா வெட்டி, ஈரமாக்கிறதுக்கு மட்டும் பால் விட்டு, அவிச்ச உருளைக்கிழங்கோட சேத்து மசியுங்கோ. நீட்டு இழை பாதி தொண்டையிலயும் பாதி வாயிலயும் நிண்டா பெரியாக்களுக்கே ஓங்காளம் வரும்.

இலைக்கறி அண்ணத்தில ஒட்டுற சாமான். முருங்கையிலை எண்டால் நடுநரம்பு ஒண்டும் இல்லாமல் ஆய்ஞ்சு, நல்லா அரிஞ்சு, பருப்போட சேத்து அவிச்சு மசிச்சிடுங்கோ. தனி இலையா நிக்கக் கூடாது.

மீன்: விளைமீன், பாரை, கலவாய் மாதிரிப் பெரிய முள்ளு மீன் லேசு. மஞ்சள் போட்டு அவிச்சு, ஆறினாப் பிறகு தட்டையான கோப்பையில பரப்பி, விரலால இரண்டு தரம் தடவித் தடவி உதிருங்கோ. முதல் தரம் தப்பிற முள்ளு இரண்டாம் தரத்தில அம்பிடும். மீன் தனிய எண்டால் பஞ்சு மாதிரி வரண்டு போகும், உருளைக்கிழங்கோ சோறோ சேத்து இளக்குங்கோ. சுறா எங்கட ஊரில பால் குடுக்கிற தாய்க்கு விசேசமாச் சமைக்கிற மீன் எண்டது தெரியும், ஆனா சுறாவில பாதரசம் கூடச் சேருறதால சின்னப் பிள்ளைக்குக் குடுக்காமல் விடுறது நல்லது. பால் குடுக்கிற ஆக்களும் அடிக்கடி சாப்பிடாமல் விடுங்கோ. கருவாடு உப்பு, அதுவும் வேண்டாம்.

கோண்டாவில்தாய்:

நன்றி அக்காமார். 4 நாளாத் தடிப்பாக் குடுத்தன், ஓங்காளம் ஒருக்காத்தான் வந்தது. நேற்று அரிதட்டுக்கு மாறினன், சாப்பிட்டாள். ஆனா அளவு குறைஞ்சிட்டுது, முந்தி அரைக் கப், இப்ப 5, 6 கரண்டியோட வாயை மூடுறாள். போனில படம் போட்டா இன்னும் கொஞ்சம் போகுது. மாமி கொஞ்சம் சீனி போடச் சொல்லுறா. முட்டைக்கு என்ன செய்யிறது? தாய்ப்பாலும் குடுக்கிறன், பகலில 5 தரம், இரவில 3 தரம். பின்னேரம் ஒரு மறி பிஸ்கற்றும் குடுக்கிறனான்.

தென்னங்கீற்று:

அளவு குறைஞ்சதுக்கு முதல் காரணம், நீங்கள் தண்ணியைக் குறைச்சிட்டீங்கள். முந்தின அரைக் கப்பில கால்வாசி தண்ணிதானே. அளவு குறைஞ்ச மாதிரிச் சத்து குறையேல்லை. இரண்டாவது, நசிச்சு விழுங்கிறது அவவுக்கு வேலை, களைச்சுப் போவா. 20, 25 நிமிசத்துக்கு மேல இழுக்காதேங்கோ. 9 மாதத்தில ஒரு நாளைக்கு 3 நேரச் சாப்பாடு, இடையில 1 அல்லது 2 சின்னத் தீன். ஒரு நேரத்துக்கு 250 மில்லிக் கப்பில அரைவாசி எண்டது போய்ச் சேர வேண்டிய அளவு, ஒவ்வொரு நேரமும் அளந்து ஊட்ட வேண்டிய அளவில்லை. என்ன குடுக்கிறது, எப்ப, எங்க வைச்சுக் குடுக்கிறது எண்டது உங்கட பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுறது எண்டது அவவின்ர பொறுப்பு. வாயை மூடினா, முகத்தைத் திருப்பினா, கரண்டியைத் தட்டினா அண்டைக்கு முடிஞ்சுது.

தாய்ப்பாலைக் குறைக்கச் சொல்லேல்லை, இடத்தை மாத்துங்கோ. சோத்துக்கு முன்னால குடிச்சா பசி இராது. சாப்பாட்டுக்கு 1½ மணித்தியாலத்துக்கு முதல் பால் முடியட்டும், சாப்பிட்டாப் பிறகு விரும்பினாக் குடிக்கட்டும். காலமை எழும்பின உடனை பால், ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் கழிச்சுச் சாப்பாடு எண்டு ஒரு ஒழுங்கு வந்தா வயிறே நேரம் சொல்லும். பின்னேரப் பிஸ்கற்றை நிப்பாட்டுங்கோ. அது இனிப்பு, வாயில கரைஞ்சு போகும், மெல்ல வேண்டியதே இல்லை, இராச்சாப்பாட்டையும் கெடுக்கும். அந்த நேரத்துக்குப் பழம், இல்லாட்டி அவிச்ச கிழங்கு.

தேத்தண்ணி ஆரும் வாயில வைச்சு விடுகினமோ எண்டு பாருங்கோ. வீட்டில பெரியாக்கள் குடிக்கேக்க ஒரு மிடறு குடுக்கிறது சாதாரணம். தேயிலையின்ர துவர்ப்பு, சாப்பாட்டில இருக்கிற இரும்பைக் குடலில சேர விடாது. 6 மாதத்துக்குப் பிறகு பிள்ளை பிறக்கேக்க கொண்டு வந்த இரும்பு குறைஞ்சு கொண்டு போகும். இரும்பு குறைஞ்சா பசியும் குறையும், பசி குறைஞ்சா இன்னும் சாப்பிடாது. ஆட்டீரலோ கோழி ஈரலோ கிழமைக்கு ஒருக்கா 1 மேசைக்கரண்டி, நல்லா அவிச்சு, அரிதட்டில தேச்சு, உருளைக்கிழங்கோட குடுக்கலாம். அதுக்கு மேல வேண்டாம், ஈரலில விற்றமின் ஏ கூட.

போன் வேண்டாம். படம் பாத்துக் கொண்டு வாயைத் திறக்கிற பிள்ளை வாய்க்குள்ள என்ன இருக்கெண்டு கவனிக்காது. கவனிக்காமல் மெல்லப் பழகேலாது, பாதுகாப்பும் இல்லை. முற்றத்தில இடுப்பில வைச்சுக் காகம் காட்டித் தீத்திறதுக்கும் இதே நியாயம்தான். நாரி நேரா, கால் இரண்டும் ஒண்டில ஊண்டி இருக்க வேணும். உயரக் கதிரை இல்லாட்டி, பாயில சுவரோட சாஞ்சிருந்து, உங்கட மடியில உங்களைப் பாக்க வைச்சு, கால் உங்கட துடையில படுற மாதிரி இருத்துங்கோ. வீட்டு ஆக்கள் சாப்பிடுற நேரத்தோட சேத்துக் குடுத்தா இன்னும் நல்லம். நீங்கள் மெல்லுறதை அவ பாக்க வேணும்.

மாமிக்கு இப்பிடிச் சொல்லிப் பாருங்கோ: “சீனி போட்டா அண்டைக்குச் சாப்பிடுவாள் மாமி, நாளைக்குச் சீனி இல்லாததைத் துப்புவாள்.” மாமி தீத்த ஆசைப்பட்டா பின்னேரக் கிழங்கை அவவிட்டக் குடுங்கோ. பிள்ளை கையில பிடிச்சுத் தின்னுறதை அவ பக்கத்தில இருந்து பாத்தாலே பல்லுக் கதை குறையும்.

அகப்பைக்காரி:

முட்டை. அவிச்ச மஞ்சள் கரு மா மாதிரி அண்ணத்தில ஒட்டும், அதாலதான் முகத்தைத் திருப்புறா. மணத்துக்கில்லை. கொதிக்கத் தொடங்கி 10 நிமிசம் அவிச்சு, சூட்டோட மசிச்சு, தாய்ப்பாலோ வெதுவெதுப்பான தண்ணியோ 2 தேக்கரண்டி விட்டுக் களியாக்கி, சோத்தோட சேருங்கோ. வெள்ளைக்கருவைத் தள்ளி வைக்கத் தேவையில்லை. முதல் நாள் கால் தேக்கரண்டி, அதுவும் காலமையோ மத்தியானமோ, இரவில இல்லை. 2 மணித்தியாலம் பாருங்கோ. தோலில தடிப்பு, சொண்டு வீக்கம், அடுத்தடுத்துச் சத்தி வந்தா நிப்பாட்டி வைத்தியரைக் காட்டுங்கோ. மூச்செடுக்கக் கஷ்டப்பட்டா பாத்துக் கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு. ஒண்டும் இல்லையெண்டால் நாளாந்தம் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டலாம். முள்ளுக்கரண்டிப் படிக்கு வந்தாப் பிறகு, வெங்காயம் மிளகாய் இல்லாமல் மெல்லிசா ஒரு முட்டை பொரிச்சு விரல் நீளத்துக்கு வெட்டிக் கையில குடுங்கோ, கனக்கப் பிள்ளைகள் அவிச்ச முட்டையை விட அதை விரும்பும். கச்சானும் இதே மாதிரித்தான். வறுத்து மையா அரைச்சு, இளக்கிச் சோத்துக்குள்ள கால் தேக்கரண்டியில இருந்து தொடங்கலாம். ஏற்கனவே கடுமையான கரப்பன் இருக்கிற பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்டிட்டுத் தொடங்குங்கோ. முழுக்கச்சான் 5 வயசு வரைக்கும் கூடாது.

பனைநிழல்:

கட்டிச் சாப்பாடு தொடங்கிற வீட்டில எல்லாரும், தாத்தா அம்மம்மா உட்பட, ஓங்காளத்துக்கும் மூச்சடைப்புக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்க வேணும். ஓங்காளிக்கிற பிள்ளைக்கு முகம் சிவக்கும், இருமும், சத்தம் வரும். மூச்சடைச்ச பிள்ளைக்குச் சத்தம் வராது. அழ வாய் திறக்கும், குரல் இராது, சொண்டு நீலமாகும். சத்தம் இருக்கும் வரைக்கும் கை வைக்காதேங்கோ. சத்தம் நிண்டா உடனை செய்யுங்கோ.

ஒரு வயசுக்கு உட்பட்ட பிள்ளையை உங்கட முன்னங்கையில குப்புறக் கிடத்தி, தாடையைக் கையால தாங்கி, தலை உடம்பை விடப் பணிஞ்சிருக்கப் பிடியுங்கோ. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில உள்ளங்கையின்ர அடியால 5 தரம் பலமாத் தட்டுங்கோ. வெளியால வரேல்லை எண்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின்ர கீழ்ப்பாதியில 5 தரம் அமத்துங்கோ. வெளிய வரும் வரைக்கும் மாறி மாறிச் செய்யுங்கோ, பக்கத்தில நிக்கிற ஆள் 1990க்கு (அம்புலன்ஸ்) எடுக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடினா இன்னும் உள்ளுக்குப் போகும். பிள்ளை மயங்கிப் போனா நெஞ்சழுத்தமும் மூச்சுக் குடுக்கிறதும் தொடங்க வேணும், அதைக் கிளினிக்கில கேட்டு முன்கூட்டியே செய்து பழகுங்கோ.

வீட்டில அடைக்கக்கூடியது: கச்சான், கடலை, முறுக்கு, பச்சைக் கரட், மாங்காய்த் துண்டு, முழு முந்திரிகைப்பழம் (திராட்சை), ரம்புட்டான், தேங்காய்ச் சொட்டு, மீன் முள்ளு. முந்திரிகைப்பழத்தை நீட்டுப்பாட்டில நாலாப் பிளந்து குடுங்கோ. குறுக்கால வெட்டினா வட்டமாவே நிக்கும், அது தொண்டைக்குழாயை அப்பிடியே மூடும்.

சுன்னாகத்துப்பிள்ளை:

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்க வேணும். எங்கட வீடு சைவம், முட்டையும் இல்லை. மகனுக்கு 8 மாதம். பயறு அவிச்சுக் குடுத்தா தோலைத் துப்புறான். இரும்புக்கு வேற என்ன வழி?

தென்னங்கீற்று:

தோல்தான் பிரச்சினை, பயறில்லை. அண்ணத்தில தாள் மாதிரி ஒட்டும். பயறை இரா முழுக்க, 8 மணித்தியாலம் ஊற வைச்சு, ஈரத்துணியில கட்டி ஒரு நாள் முளை விடப் பண்ணி, தண்ணிக்குள்ள கையால தேயுங்கோ. தோல் மிதக்கும், வடிச்சு ஊத்தலாம். முளை விட்ட பயறில இரும்பு குடலில சேருறதும் கூட. கௌப்பிக்கு ஊற வைச்சு, அவிச்சு, அரிதட்டில தேச்சிறக்கினா தோல் மேல நிக்கும். நாளுக்கு ஒரு நேரமாவது பருப்பு வகை, அதோட இலைக்கறி, அந்த நேரத்திலேயே 3, 4 சொட்டுத் தேசிக்காய்ப் புளி, இல்லாட்டி விதை நீக்கி மசிச்ச கொய்யாப்பழம் 1 தேக்கரண்டி. விற்றமின் சி அதே சாப்பாட்டோட போக வேணும், 2 மணித்தியாலம் கழிச்சுக் குடுத்தா இரும்புக்கு உதவாது. தேசிப்புளியைச் சமைக்கேக்க விடாமல் இறக்கி ஆறினாப் பிறகு விடுங்கோ. குரக்கன் கூழ் நல்லதுதான், ஆனா குரக்கனை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. அதில கல்சியம் கூட, இரும்பு சேருறது குறைவு. தயிர் ஒரு வயசுக்கு முதலே கொஞ்சம் குடுக்கலாம். பசுப்பாலை மட்டும் பிரதான குடிபானமா ஒரு வயசு வரைக்கும் குடுக்க வேண்டாம்.

சைவ வீட்டில இரும்புப் பத்தாக்குறை லேசா வரும், குடும்பநல உத்தியோகத்தரிட்ட (கிளினிக் மருத்துவிச்சி) சொல்லுங்கோ. நுண்போசணைப் பவுடர் (இரும்பும் விற்றமினும் சேந்த பவுடர்) தந்தா, சாப்பாடு கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறினாப் பிறகு, தடிச்ச சாப்பாட்டில ஒரு பிடியில கலந்து முதலில அதைத் தீத்துங்கோ. கொதிக்கிறதில போட்டா இரும்பின்ர மேல் பூச்சு உருகி நிறமும் சுவையும் மாறும், பிள்ளை சோத்தையே வெறுக்கும். கலந்து அரை மணித்தியாலத்துக்குள்ள முடிய வேணும். பிள்ளையின்ர மலம் கறுப்பாப் போனா பயப்பிட வேண்டாம்.

வெள்ளைப்பூவரசு:

கோண்டாவில்தாய், அரிதட்டுக்கு 5 நாளுக்குள்ள வந்தது நல்ல வேகம். தடிமன், காய்ச்சல், வயித்தோட்டம் வந்தா ஒரு படி கீழ இறங்குங்கோ, வருத்தம் மாறி 3, 4 நாளால திரும்ப ஏறலாம். திரும்ப ஏறத்தான் கனபேர் மறக்கிறது. பல்லு முளைக்கேக்க முரசு நோகும், அந்த நாளில பிறிஜ்ஜில வைச்ச குளிர்ந்த வெள்ளரித் துண்டைத் தடிப்பா, கை நீளத்துக்கு வெட்டிக் குடுத்தா கடிச்சுக் கொண்டிருப்பா. துண்டு உடைஞ்சா வாங்கிடுங்கோ.

வீட்டில பழக்கிப் பாத்துக் கொண்டிருக்காமல் காட்ட வேண்டியது என்னவெண்டால்: ஒவ்வொரு நேரமும் சாப்பிடேக்க இருமல், சாப்பிட்டாப் பிறகு குரல் களகளத்தல், மூக்கால சாப்பாடு வாறது, அடிக்கடி நெஞ்சுச்சளி. நாக்கிலயும் சொக்கைக்கு உள்பக்கத்திலயும் துடைச்சாப் போகாத வெள்ளைப் படை இருந்தா நொந்துதான் சாப்பிடாமல் இருக்கும், அதுக்கு மருந்து இருக்கு. 3 நாளைக்கு மேல இறுகி மலம் போனாலும் பசி இராது. கிளினிக் கொப்பியில கோடு இரண்டு மாதம் தொடர்ந்து தட்டையாப் போனா, நிறம் பச்சையா இருந்தாலும் சரி, குடும்பநல உத்தியோகத்தரிட்டக் காட்டுங்கோ. நிறத்தை விடக் கோடு போற திசைதான் முக்கியம். 4 கிழமை ஒழுங்காப் பழக்கியும் அரிதட்டுப் படியை விட்டு நகரேல்லை எண்டால் பிள்ளை வைத்தியரிட்டப் போய், பேச்சு மொழிச் சிகிச்சையாளரிட்டப் போகக் கடிதம் கேளுங்கோ. கதைக்கப் பிந்திற பிள்ளைகளுக்கு மட்டும்தான் அவை எண்டு நினைக்க வேண்டாம். மெல்லவும் விழுங்கவும் பழக்கிறதும் அவையின்ர வேலைதான்.

அடுத்த கிழமை முள்ளுக்கரண்டிக்கு மாறேக்க, மத்தியானச் சாப்பாட்டில மட்டும் மாத்துங்கோ. காலமையும் இரவும் அரிதட்டுச் சோறே போகட்டும். களைச்ச பிள்ளைக்கு இரவில புதுப் பதம் குடுத்தா ஓங்காளம்தான் மிஞ்சும்.